சங்கப் பாடல்களில் பூவும் புள்ளும் விலங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்கப் பாடல்களைச் சிலர் கூடி உரக்கப் படித்துப் பேசும் வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்திவருகிறேன். கல்லூரி மாணவர், பள்ளி ஆசிரியர், பொறியாளர், ஓய்வுபெற்றவர் என்று யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விகள்தான் எழுகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். பாட்டின் எண்ணைச் சொல்லியிருப்பதால் முழுப் பாட்டையும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், பார்க்கவும் வேண்டும்.

திணை என்றால் நிலமா, பூவா, காதலின் ஒரு நிலையா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

மூன்றும் அதற்குள் அடக்கம். தொல்காப்பியம் ஒரு பாட்டில் இருப்பவற்றை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் பிறந்து வாழ்பவை கருப்பொருள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன. அங்கே மனிதர்க்கு நேரும் அனுபவம் உரிப்பொருள்: கூடல், பிரிதல், காத்திருத்தல், இரங்கல், ஊடல்.

இவற்றில் உரிப்பொருளுக்கே முதன்மை என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். பாட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது மலையும் யானையும்தான். ஆனால் அவை வந்து நிற்பது ஒருத்தியின் மனத்தைச் சொல்வதற்காக.

ஐந்து திணையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள், மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

குறிஞ்சி மலை, கூதிர் என்ற குளிர்காலமும் முன்பனியும், நள்ளிரவு, கூடல். முல்லை காடு; கார்காலம், மாலை; காத்திருத்தல். மருதம் வயல், விடியற்காலை, ஊடல். நெய்தல் கடற்கரை; பொழுது சாயும் வேளை; இரங்கல். பாலை வறண்ட வழி, வேனில், நண்பகல், பிரிவு. மருதத்துக்கும் நெய்தலுக்கும் ஆறு பருவங்களும் உரியவை.

மனப்பாடம் செய்யுங்கள், தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாட்டு கைக்கு வராது. காரணத்தை அடுத்த பதில்களில் பார்க்கலாம்.

மலை என்றால் ஏன் கூடல், கடற்கரை என்றால் ஏன் இரங்கல்? யாராவது உட்கார்ந்து விதி போட்டார்களா?

விதி பிறகுதான் வந்தது. முதல், கரு, உரி என்று வகுக்கும் இடத்திலேயே தொல்காப்பியர் ‘பாடலுள் பயின்றவை’ என்கிறார். பாட்டுகளில் ஏற்கெனவே பழகிக் கிடந்ததைப் பார்த்து எழுதினார் என்பதற்கு அவர் வாக்கே சான்று.

பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அந்தந்த நிலத்து வாழ்க்கையில் தேடிப் பாருங்கள். மலைச்சரிவில் தினை முற்றும்போது கிளி விரட்டப் பெண்கள் பரண்மேல் இருப்பார்கள். வீட்டார் கண்ணுக்கு எட்டாத இடம் அது. காதல் அங்கே தொடங்குவது இயல்பு. தினை அறுவடை முடிந்தால் சந்திக்கும் சாக்கும் முடிந்தது. வேங்கை பூப்பதும் தினை அறுப்பதும் மணப் பேச்சும் குறிஞ்சிப் பாட்டுகளில் ஒன்றாக வருவது இதனால்தான். காட்டில் மாலையானால் மாடுகள் மணி ஒலிக்கத் திரும்பும். போருக்குப் போனவன் கார் தொடங்கும்முன் திரும்புவதாகச் சொல்லிப் போயிருப்பான். எல்லாம் வீடு திரும்பும் வேளையில் அவன் மட்டும் வரவில்லை என்றால் அவள் எப்படி இருப்பாள்? வயல்நிலத்தில் விளைச்சலும் செல்வமும் மிகுதி. பரத்தை வீட்டில் இரவைக் கழித்த ஆண் விடியலில்தான் வாசலுக்கு வருவான். சண்டை அந்த நேரத்தில்தான் வெடிக்கும்.

பாலை எங்கே இருக்கிறது? நம் நாட்டில் பாலைவனம் ஏது?

மணல் மூடிய பாலைவனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பாட்டு விளங்காது. தொல்காப்பியம் நிலங்களைத் தெய்வத்தோடு சேர்த்துச் சொல்லும்போது காடு, மலை, வயல், கடற்கரை என்ற நான்கை மட்டுமே சொல்கிறது. சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் விளக்கம் தருகிறது: முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்து, துன்பம் தரும் ‘பாலை என்பதோர் படிவம்’ கொள்ளும். அதாவது அதே காடும் மலையும்தான். மழை பொய்த்து, வெயில் ஏறினால் அதுவே பாலை.

நிலத்துக்குச் சொந்தமில்லாத இந்தத் திணைதான் எண்ணிக்கையில் முந்தி நிற்கிறது. அகநானூற்றைத் தொகுத்தவர்கள் ஒற்றைப்படை எண்கள் அனைத்தையும் பாலைக்கே ஒதுக்கினார்கள். 400 பாட்டில் 200 பாலை. குறிஞ்சி 80, மற்ற மூன்றும் தலைக்கு 40. பிரிவு நம் கவிஞர்களை எவ்வளவு ஆட்டிவைத்தது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதால்தான் அரிய காதலுக்கு அடையாளம் ஆனதா?

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது உண்மை. 2006-லும் 2018-லும் மூணாறுப் பக்கத்து மலைச்சரிவுகள் நீலமாகிப்போனதைப் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். ஆனால் குறுந்தொகை 3-ஐ எடுத்துப் பாருங்கள். தேவகுலத்தார் பாடியது. நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, கடல்நீரைவிட ஆழமானது அவனோடு கொண்ட நட்பு என்கிறாள் தலைவி. அடுத்து அவனை ‘கருங்கோல் குறிஞ்சிப்பூக் கொண்டு பெருந்தேன் இழைக்கும்’ நாட்டுக்காரன் என்கிறாள். ஆண்டுக் கணக்கு பாட்டில் இல்லை. இருப்பவை கறுத்த தண்டு, பூ, தேன்.

பூமி, வானம், கடல் என்று கண்ணுக்கு அடங்காதவற்றை அளந்துவிட்டு, ஒரு சின்னப் பூவில் வந்து இறங்குகிறாள் பாருங்கள். பூவுக்குப் பூ துளித்துளியாக எடுத்து வந்துதான் தேனீ அந்தப் பெருந்தேனைச் சேர்க்கிறது. அந்தப் பேரளவான அன்பும் அப்படித்தான் சேர்ந்தது என்று படிக்கலாம். அரிய பூ என்ற ஒரே செய்தியைப் பிடித்துக்கொண்டால் இந்தத் தேன் முழுவதும் வீணாகிவிடுகிறது. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

உள்ளுறை, உள்ளுறை என்கிறார்களே, அது உவமைதானே? ‘போல’ இல்லாத உவமை என்று சொன்னால் போதுமா?

பாதி வரும். மீதியை அகநானூறு 46-இல் பார்க்கலாம். அள்ளூர் நன்முல்லையார் பாடிய மருதப் பாட்டு. பரத்தையிடம் போய்வந்த தலைவன் வாசலில் நிற்கிறான். தோழி உள்ளே விட மறுக்கிறாள். ‘ஊரனே’ என்று அவனை விளிக்கும்முன் அவன் ஊரை வருணிக்கிறாள். சேற்றில் நிற்க வெறுத்த சிவந்த கண்ணுடைய எருமை, ஊர் உறங்கும் இரவில் கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் விலக்கி, மீன்கள் சிதறி ஓட, வள்ளைக்கொடியை மிதித்துக் குழப்பி, வண்டு மொய்க்கும் தாமரையைத் தின்கிறது.

ஊர் வருணனைதானே என்று கேட்டுக்கொண்டிருப்பவன் கொஞ்ச நேரத்தில் விழித்துக்கொள்வான். எருமை அவன்தான். அறுத்த கயிறு அவனுடைய வெட்கமும் வீட்டுக் கட்டுப்பாடும். தாமரை பரத்தை. வண்டு மொய்க்கும் தாமரை என்றதால் அது அவனுக்கு மட்டும் உரியதல்ல என்பதும் சேர்ந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒன்று ஒப்பாக நிற்கிறது; பாட்டில் எங்கும் அவள் அதைச் சொல்லவில்லை. தொல்காப்பியர் கேட்பதும் இதுதான்: உள்ளே வைத்த பொருள், வெளியே சொன்னதோடு ஒத்து முடிய வேண்டும்.

அப்படியானால் இறைச்சி? இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியவில்லை.

உரைகாரர்களுக்குள்ளேயே எல்லைக்கோடு இடம் மாறுகிறது. ஆகையால் ஒரு பாட்டைக் கொண்டு சொல்கிறேன். குறுந்தொகை 37, பாலை பாடிய பெருங்கடுங்கோ. பிரிந்தவனை நினைத்து வாடும் தலைவிக்குத் தோழி ஆறுதல் சொல்கிறாள்: அவர் உன்மேல் ஆசை உடையவர், அன்பும் செய்வார், அவர் போன வழி எப்படிப்பட்டது தெரியுமா? அங்கே களிறு தன் பிடியின் பசி போக்க யா மரத்தின் பட்டையை உரிக்கும்.

இங்கே யானைதான் தலைவன், மரம்தான் இன்னார் என்று முன் பாட்டைப் போல ஒன்றுக்கு ஒன்று பொருத்த வேண்டாம். யானை யானையாகவே நிற்கிறது. ஆனால் அதைப் பார்த்தபடி நடப்பவன் மனம் என்ன ஆகும் என்று தோழி தலைவியை எண்ண வைக்கிறாள். வறண்ட காட்டில் தண்ணீர் இல்லை, தழை இல்லை. அப்போதும் அந்த யானை துணைக்கு ஊட்டுகிறது. பார்த்தவன் திரும்பாமல் இருப்பானா? சொன்ன காட்சிக்கு அப்பால் இப்படிப் பிறக்கும் குறிப்பை இறைச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாட்டுகளில் இது உதவும்.

காதல் பாட்டில் எருமை, முதலை, நண்டு எல்லாம் வருவது அருவருப்பாக இல்லையா?

அருவருப்பு வரட்டும் என்றுதான் கொண்டுவருகிறார்கள். ஐங்குறுநூற்றில் மருதம் 100 பாட்டையும் பாடிய ஓரம்போகியார் நண்டுக்கு ஒரு பத்து, எருமைக்கு ஒரு பத்து என்று ஒதுக்கியிருக்கிறார். 24-ஆம் பாட்டில் தலைவன் ஊரில் வாழ்பவை இரண்டு: தாய் சாகப் பிறக்கும் புள்ளி நண்டு, தன் குட்டியையே தின்னும் முதலை. இரண்டும் அக்கால நம்பிக்கைகள். பெண்களின் நலத்தை உண்டுவிட்டுக் கைவிடுகிறவனைப் பற்றிய பாட்டு அது. பெற்றதையும் தின்னும் ஊர்க்காரன் என்பதைவிடக் கடுமையாக எதைச் சொல்ல முடியும்? நேருக்கு நேர் சொன்னால் வீட்டுப் பெண்ணுக்கு அழகில்லை என்ற கட்டுப்பாடு இருந்தது. அதனால் முதலை வந்து சொல்கிறது.

இந்த வசதி தலைவிக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். குறுந்தொகை 8-இல் ஆலங்குடி வங்கனார் பரத்தைக்கே பேச இடம் தருகிறார். தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு அவள் பதிலடி கொடுக்கிறாள். வயலோர மாமரத்தில் பழுத்துத் தானாக உதிர்ந்த பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வும் ஊர்க்காரன் அவன் என்கிறாள். மீன் மரம் ஏறவில்லை; பழம்தான் வந்து விழுந்தது. என்னிடம் வந்து பெரிய பேச்சுப் பேசியவன், தன் வீட்டிலோ நாம் கை தூக்கினால் கை தூக்கும் கண்ணாடிப் பாவை போல மகனின் தாய் சொல்வதை எல்லாம் செய்கிறான் என்று முடிக்கிறாள். ஆறே அடியில் மூன்று பேரையும் நம் கண்முன் நிறுத்திவிடுகிறார் வங்கனார்.

எந்தப் பூவுக்கு என்ன பொருள், எந்தப் பறவைக்கு என்ன பொருள் என்று ஒரு பட்டியல் கிடைக்குமா? தேர்வுக்கு வேண்டும்.

அடிக்கடி கேட்கிறார்கள், நான் தருவதில்லை. முல்லை என்ற ஒரே பூவை எடுத்துக்கொள்வோம். ‘முல்லை சான்ற கற்பு’ என்கிறது சிறுபாணாற்றுப்படை. அங்கே அது காத்திருக்கும் பெண்ணின் உறுதி. அகநானூறு 4-இல் குறுங்குடி மருதனார் முல்லை அரும்பு கூர்மையாகத் தோன்றுவதில் பாட்டைத் தொடங்குகிறார். கார் வந்தது, தலைவன் வருகிறான். துணையோடு பூவில் தங்கியிருக்கும் வண்டுகள் கலங்கிவிடும் என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு வருகிறான் என்று தோழி சொல்கிறாள். அங்கே முல்லை நம்பிக்கை.

இப்போது புறநானூறு 242. ஒல்லையூர்ச் சாத்தன் இறந்துவிட்டான். இளைஞர் சூட மாட்டார், பெண்கள் பறிக்க மாட்டார், பாணன் சூடான், பாடினி அணியாள். ‘முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே?’ என்று கேட்கிறார் குடவாயிற் கீரத்தனார். முல்லை மாறவில்லை, பருவம் வந்ததும் பூத்தது, அவ்வளவுதான். அது பூத்ததே குற்றம் போலத் தோன்றும் அளவுக்குச் சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது. பட்டியலில் ‘முல்லை: கற்பு’ என்று எழுதிக்கொண்டு இந்தப் பாட்டுக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? யார் பேசுகிறார், யாரிடம், எந்த நேரத்தில் என்ற மூன்றையும் கேட்ட பிறகே பூவிடம் போக வேண்டும்.

கொன்றை பூத்தால் கார்காலம் என்று அர்த்தம். ஆனால் ஒரு பாட்டில் தலைவி நம்ப மறுக்கிறாளே, அடையாளமே பொய்யா?

அடையாளம் பொய்யல்ல. அதைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டிய நிலை. குறுந்தொகை 66-இல் கோவர்த்தனாரின் தோழி, கொன்றை மரங்களை ‘மடவ’, அறிவில்லாதவை, என்று திட்டுகிறாள். பருவம் அல்லாத மழையைக் கார் என்று எண்ணி அவசரப்பட்டுப் பூத்துவிட்டனவாம். உண்மையில் கார் வந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். தலைவி உடைந்துபோகாமல் இருக்க மரத்தை முட்டாளாக்குகிறாள்.

குறுந்தொகை 21-இல் ஓதலாந்தையார் இதைத் திருப்பிப் போடுகிறார். இங்கே பேசுவது தலைவி. காடே இது கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்பேன், ‘அவர் பொய் வழங்கலரே’ என்கிறாள். வந்த பருவத்தைவிட அவன் சொன்ன சொல் பெரியது அவளுக்கு. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். கொன்றை என்ன சொல்கிறது என்பதைப் படிப்பவர் நன்றாக அறிந்திருந்தால்தான் இந்த இரு பெண்களின் மறுப்பும் நெஞ்சில் தைக்கும். முன்பு மனப்பாடம் செய்வது தவறில்லை என்று சொன்னது இதற்காகத்தான்.

புராணக் கடவுள்கள் இதில் எங்கே வருகிறார்கள்?

நிலத்தோடு ஒட்டி வருகிறார்கள். காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்கிறது தொல்காப்பியம். பாலைக்குக் கொற்றவை என்பது உரை வழி வந்த மரபு. ஆனால் உள்ளுறை அமைக்கும்போது தெய்வத்தை மட்டும் தவிர்க்கச் சொல்கிறது இலக்கணம். எருமையைத் தலைவனாக்கலாம், முருகனை ஆக்கக் கூடாது.

தெய்வத்தை நேரே பாட்டுக்குள் கூப்பிட்டுப் பேசத் தடையில்லை. நற்றிணை 34-இல் தலைவி காதலால் மெலிந்திருக்கிறாள். காரணம் அறியாத தாய், முருகன் பிடித்துவிட்டான் என்று எண்ணி, முருகனுக்கு ஆடும் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். தோழி முருகனையே பார்த்து, இந்த நோய் உன்னால் வந்ததல்ல என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டதும் வந்துவிட்டாயே, ‘கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற’ என்று அதட்டுகிறாள். மலைக்கு உரிய தெய்வத்தை மலைப்பெண் ஒருத்தி வீட்டுப் பிள்ளையைப் போல உரிமையோடு கடிந்துகொள்ளும் இடம் இது. எனக்கு மிகவும் பிடித்த பாட்டு.

போர்ப் பாட்டில் பூ எதற்கு?

புறத்திணைகளின் பெயரே பூக்கள்: ஆநிரை கவர வெட்சி, படையெடுக்க வஞ்சி, மதிலை வளைக்க உழிஞை, எதிர்நின்று பொருத தும்பை, வென்றால் வாகை. தேர்தல் முடிவு வந்ததும் ‘வெற்றி வாகை சூடினார்’ என்று செய்தித்தாள்கள் இன்றும் எழுதுகின்றன. தொல்காப்பியம் ஒவ்வொரு புறத்திணையையும் ஓர் அகத்திணையோடு இணைக்கிறது. வெட்சி குறிஞ்சிக்குப் புறம், வஞ்சி முல்லைக்கு. இரண்டு உலகத்துக்கும் நடுவே ஒரே செடி நிற்பதைப் புறநானூறு 271-இல் பார்க்கலாம். நொச்சித் தழையைப் பெண்கள் உடுத்தக் கண்டோம்; இப்போது அதே நொச்சி மதில் காத்த வீரனின் மாலையாய் வெட்டுண்டு குருதியில் கிடக்கிறது; ஊன் என்று எண்ணிப் பருந்து தூக்கிப் போகிறது என்கிறார் வெறிபாடிய காமக்கண்ணியார்.

அரசர்க்கும் அடையாளப் பூ உண்டு. சேரருக்குப் பனை, பாண்டியருக்கு வேம்பு, சோழருக்கு ஆத்தி. சோழர் குலத்து நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒருவரை ஒருவர் அழிக்க நின்றபோது கோவூர் கிழார் புறநானூறு 45-இல் சொன்னது இதை வைத்துத்தான். உன் எதிரி பனந்தோடு அணிந்தவன் அல்லன், வேம்பு சூடியவனும் அல்லன்; உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி; யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே. நீங்கள் உறவினர் என்று அவர் சொல்லவில்லை. தலையில் இருந்த பூவைச் சுட்டிக்காட்டினார்.

காவல்மரத்தை வெட்டினால் நாடு தோற்றதாக அர்த்தமா? ஒரு மரத்துக்கு இவ்வளவா?

ஆம். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்ப மரத்தை வெட்டி அதில் முரசு செய்ததைப் பதிற்றுப்பத்து பெருமையோடு பாடுகிறது. பகைவனின் மானமே அந்த மரத்தில் இருந்தது.

ஆனால் அடையாளத்தைக் காக்க மனிதரைக் கொல்லலாமா என்று கேட்ட புலவரும் உண்டு. குறுந்தொகை 292-இல் பரணர் சொல்வதைப் பாருங்கள். நீராடப் போன பெண் ஆற்றில் மிதந்து வந்த ஒரு பசுங்காயைத் தின்றாள். அது நன்னன் என்ற அரசனின் காவல் மாமரத்துக் காய் என்று உரை சொல்கிறது. அவள் எடைக்கு எடை பொன்பாவையும் 81 யானைகளும் தருகிறோம் என்று கெஞ்சியும் கேளாமல் அவளைக் கொன்றான். ‘பெண்கொலை புரிந்த நன்னன்’ என்ற பழிப்பெயர் இன்றுவரை அவனை விடவில்லை.

மகன்றில், அசுணம் எல்லாம் உண்மையில் இருந்தனவா?

அசுணம் இன்னிசையில் மயங்கும், பறை கேட்டால் உயிர் விடும் என்பது இலக்கிய வழக்கு. அப்படி ஓர் உயிரை யாரும் பிடித்துக் காட்டியதில்லை. நற்றிணை 304-இல் மாறோக்கத்து நப்பசலையார் தலைவன் மார்பை அசுணம் கொல்பவர் கைக்கு ஒப்பிடுகிறார். யாழ் மீட்டி இன்பம் தந்து, பிறகு கொல்லும் கை அது. இந்த ஒப்புமைக்காகவே அசுணம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றும். மகன்றில் நீர்ப்பறவை. தமக்கு இடையே ஒரு பூ வந்தாலும் ஓராண்டு பிரிந்ததுபோல் தவிக்கும் என்கிறது குறுந்தொகை 57.

நெய்தல் என்று போட்டிருக்கிறது, படித்தால் இரங்கலே இல்லை. திணையைத் தவறாகக் குறித்துவிட்டார்களா?

தவறல்ல, திணைமயக்கம் என்று இதற்குப் பெயர் உண்டு. ஒரு நிலத்துப் பூவும் பறவையும் வேறு நிலத்தில் வந்தால் வந்த நிலத்துக்கு உரியவையாகக் கொள்ளலாம் என்றும், திணை மயங்கி வரலாம் என்றும் தொல்காப்பியம் இடம் விட்டிருக்கிறது. நல்ல சான்று நற்றிணை 172. மணலில் விளையாடியபோது புதைத்து மறந்த புன்னை விதை முளைத்தது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்த்தார்கள். உங்களைவிடச் சிறந்தவள், இவள் உங்களுக்கு உடன்பிறந்தாள் என்று தாய் சொல்லியிருக்கிறாள். அதனால் இந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது, நிழல் தர வேறு மரங்களும் இருக்கின்றன என்று தலைவனிடம் சொல்கிறார்கள்.

கடற்கரைதான்; ஆனால் நடப்பது குறிஞ்சிக்கு உரிய களவுச் சந்திப்பு. மரத்தைச் சகோதரி என்பதும் வெறும் பாசப் பேச்சல்ல. எத்தனை நாள் இப்படி ஒளிந்து சந்திப்பது, மணம் பேச வா என்பதை அவனுக்கு எட்டவைக்கும் வழி அது. அதற்காக அந்தப் பாசத்தைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. பால் ஊற்றிய கை உண்மையானது.

பாரி முல்லைக்கொடிக்குத் தேரை விட்டது அறிவுள்ள செயலா? ஒரு குச்சி நட்டால் போதாதா?

மாணவர்கள் விடாமல் கேட்பது. கேட்கட்டும், நல்ல கேள்வி. புலவர்களே இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மயிலுக்குப் போர்வை தந்த பேகனைப் பற்றிப் பரணர் புறநானூறு 142-இல் பாடும்போது மழையைக் காட்டுகிறார். மழை வற்றிய குளத்திலும் பெய்யும், வயலிலும் பெய்யும், ஒன்றுக்கும் உதவாத உவர்நிலத்திலும் பெய்யும். பேகனின் ‘கொடைமடம்’ அப்படிப்பட்டது; படை நடத்துவதில் அவனுக்கு மடமை இல்லை என்கிறார். யாருக்குக் கொடுக்கிறோம், எவ்வளவு வேண்டும் என்று அளந்தால் அது கணக்கு. பாரியின் தேரையும் இந்த மழையோடு வைத்துப் பாருங்கள். வண்டுக்காக மணியின் நாவைக் கட்டிய தேரையும் முன்பு பார்த்தோம். முல்லைக்காகத் தேரையே விட்டவன் அந்த உலகத்துக்கு அந்நியன் அல்லன்.

உரையில் ஒரு பொருள் சொல்கிறார்கள், எனக்கு வேறொன்று தோன்றுகிறது. எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குறுந்தொகை 25-ஐ வைத்துப் பார்ப்போம், கபிலர் பாட்டு. களவில் கூடியவன் மணக்க வராமல் காலம் கடத்துகிறான். தலைவி சொல்கிறாள்: அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால’ குருகும் இருந்தது, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு. அவ்வளவு நெருக்கமாக அந்தக் காலைப் பார்த்திருக்கிறாள். தினைத்தாள் என்று அவளுக்குத் தோன்றுவது மலைப்பெண் என்பதால். அந்த நாளை மனத்துக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருந்தால் பறவையின் கால் நிறம்வரை நினைவில் நிற்கும்!

குருகின் கவனம் முழுவதும் மீன்மேல், பேசவும் தெரியாது, ஆகவே சாட்சிக்கு ஆகாது என்பது ஒரு பொருள். அசையாமல் நின்று இரை பார்க்கும் அந்தக் குருகைப் போன்றவனே அவனும், அன்று அங்கே கள்வர் இருவர் என்பது இன்னொரு பொருள். முதலாவது அவள் சொல்ல வந்ததோடு நேராகப் பொருந்துகிறது. இரண்டாவது அவள் வாயில் வந்த ‘கள்வன்’ என்ற சொல்லிலிருந்து கிளைக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், அந்த வரிசையில். ஒருவர் எங்கள் வட்டத்தில் குருகு ஊர்ப்பழிச் சொல்லைக் குறிக்கிறது என்றார். அதை ஏற்க முடியாது. ஊர் பார்த்திருந்தால் அவளுக்குச் சாட்சி கிடைத்திருக்கும். சாட்சி இல்லை என்றுதானே அவள் கலங்குகிறாள்.